புரூக் பார்க்கில் கூரை போட்ட மைதானம்: பணம் யாருடையது?

(வடகிழக்கு ஒஹாயோவில் நடந்த தமிழர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்களுக்கும், பின்வரிசையில் ஆரஞ்சு ஜெர்சி போட்டு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கால்பந்து ஆடும் நம் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்குக் கூரை போட்ட புது மைதானம் தேவையா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரை வேண்டுமென்றால் அணியின் உரிமையாளர்கள் தாராளமாகக் கட்டிக்கொள்ளட்டும். ஊரார் பணத்தில் கட்ட வேண்டாம். அதிலும் ஒஹாயோ அரசு இதற்காக எடுத்துக் கொடுத்திருக்கும் பணம், தொடவே கூடாத பணம்.

திட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இப்போதைய மைதானம் நகர மையத்தில், ஈரி ஏரிக் கரையில், 1999-இல் திறந்தது. நகரத்துக்குச் சொந்தம். குத்தகை 2028 ஆட்டப் பருவத்தோடு முடிகிறது. அணியின் உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பத்தினர், விமான நிலையத்தை ஒட்டிய புரூக் பார்க்கில், முன்பு ஃபோர்டு தொழிற்சாலை இருந்த 176 ஏக்கரில் முழுக்க மூடிய மைதானம் கட்டுவதாக அறிவித்தார்கள். சுமார் 240 கோடி டாலர் செலவு. 2029-இல் திறப்பது அவர்கள் திட்டம். அதில் 60 கோடி டாலர் மாநில அரசு கொடுக்கும் என்று 2025 கோடையில் பட்ஜெட்டிலேயே எழுதிவிட்டார்கள். மீதியில் புரூக் பார்க் நகரத்திடமும் ஒரு பங்கு கேட்கிறார்கள். செலவு கூடினால் அந்தக் கூடுதலைத் தாங்களே ஏற்பதாக உரிமையாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

கூரை கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். டிசம்பர் மாதம் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே மூன்று அடுக்கு, மேலே கோட்டு, கைக்குள் வெப்பப் பை, அப்படியும் இரண்டாவது பாதியில் கால்விரல் மரத்துப்போகும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அங்கே கூட்டிப்போக முடியாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தக் காற்றில் மூன்று மணி நேரம் என்பது தண்டனை. இதெல்லாம் நியாயமான பேச்சு.

குளிர்தான் நம் அணியின் பலம் என்று எதிர்ப்பக்கத்தில் சிலர் வாதாடுகிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. 2022 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் நியூ ஆர்லியன்ஸ் அணி இங்கே விளையாடியது. பனியை அரிதாகவே பார்க்கும் ஊர், கூரைக்குக் கீழேயே ஆடிப் பழகிய அணி. அன்று இங்கே வெப்பநிலை 6 டிகிரி பாரன்ஹீட், நம் ஊர்க் கணக்கில் மைனஸ் 14 செல்சியஸ். அவர்கள் 17-10 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 1981 ஜனவரி 4, ஓக்லாந்து ரெய்டர்ஸுடன் பிளே ஆஃப் ஆட்டம், தோற்றால் அந்தப் பருவமே முடிந்தது. 14-12 என்று பிரவுன்ஸ் பின்தங்கி இருக்கிறது. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பந்து எதிரணிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஓர் உதை சரியாகப் போனால் ஆட்டம் நமக்கு. ஆனால் அன்றைய காற்றிலும் குளிரிலும் உதைகள் ஏற்கெனவே தவறியிருந்தன. அதனால் பயிற்சியாளர் உதைக்கச் சொல்லாமல் எறியச் சொன்னார். நம் அணியின் எறிவீரர் பிரையன் சைப் எறிந்தார், ரெய்டர்ஸ் வீரர் பிடித்துக்கொண்டார். 'ரெட் ரைட் 88' என்று அந்த ஆட்ட முறையின் பெயரைச் சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமூச்சு விடுவார்கள். அன்று கூரை இருந்திருந்தால் உதைத்திருப்பார்களோ என்னவோ. ஆக, ஆட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் கூரைக்கு நான் எதிரி இல்லை.

அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். கூரைக்காகச் சொல்லும் பொருளாதாரக் கணக்குதான் பிரச்சினை.

ஓர் அணிக்கு வருடத்தில் சொந்த ஊர் ஆட்டம் பத்துதான் தேறும், பயிற்சி ஆட்டத்தையும் சேர்த்து. மீதி நாளெல்லாம் மைதானம் சும்மா கிடக்கிறது, கூரை போட்டால் வருடம் முழுக்கக் கச்சேரி, கல்லூரிக் கூடைப்பந்து, முக்கியமாக அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் எல்லாம் வரும் என்கிறார்கள். சரி, நம்மைப் போலவே குளிரடிக்கும் ஊர்களைப் பார்ப்போம். டெட்ராய்ட்டில் ஃபோர்டு ஃபீல்டு 2002-இல் திறந்தது, 2006-இல் சூப்பர் பவுல் நடந்தது. அதோடு சரி. இண்டியானாபொலிஸில் 2008-இல் திறந்தார்கள், 2012-இல் நடந்தது. மினியாபொலிஸில் 2016-இல் திறந்தார்கள், 2018-இல் நடந்தது. புதுக் கட்டடத்துக்குப் பரிசாக ஒருமுறை கொடுப்பார்கள். பிறகு மயாமி, நியூ ஆர்லியன்ஸ், லாஸ் வேகஸ் என்று வெயில் பக்கம் போய்விடுவார்கள். பிப்ரவரி மாதம் ஒரு வாரக் கூட்டத்துக்காக முப்பது வருடத் திட்டம் போட முடியுமா?

இதைவிட அடிப்படையான ஒன்று இருக்கிறது. நம்மவர்களுக்கு எளிதாகப் புரியும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கிளீவ்லாந்து என்றாலே உலகத் தமிழர்களுக்கு நினைவு வருவது தியாகராஜ ஆராதனை. 1978 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் நடக்கிறது. சென்னையிலிருந்து வித்வான்கள் வருகிறார்கள், நியூ ஜெர்சியிலிருந்தும் கலிபோர்னியாவிலிருந்தும் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். ஓட்டலில் தங்குகிறார்கள், கார் வாடகைக்கு எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள். அந்தப் பணம் இந்த ஊருக்குப் புதுப் பணம். அவர்கள் வராவிட்டால் அது இங்கே வந்திருக்காது.

பிரவுன்ஸ் ஆட்டத்துக்கு வருகிறவர் யார்? பார்மாவிலிருந்தும் ஆக்ரனிலிருந்தும் வருகிற நம் பக்கத்து வீட்டுக்காரர். டிக்கெட்டுக்கும் பார்க்கிங்குக்கும் பியருக்கும் அவர் செலவழிக்கிற பணம் எப்படியும் இந்த வட்டாரத்தில்தான் செலவாகியிருக்கும். ஓர் உணவகத்திலோ, சினிமாவிலோ, பிள்ளைக்கு சைக்கிள் வாங்குவதிலோ. மைதானத்தால் அந்தப் பணம் ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு இடம் மாறுகிறது. நகர மையத்தில் இருக்கும் உணவகத்தில் குறைந்து புரூக் பார்க்கில் கூடுகிறது. பொருளாதார அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு ஊர் மைதானமாக எடுத்து ஆராய்ந்து, பொதுப் பணத்துக்கு ஈடான வளர்ச்சி வருவதில்லை என்று ஏறக்குறைய ஒரே குரலில் சொல்கிறார்கள். வேறு விஷயங்களில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து பார்த்ததில்லை. புது மைதானமும் சுற்றியுள்ள கடைகளும் தரும் வரியிலேயே 60 கோடியும் திரும்பிவிடும் என்பது மாநில அரசின் கணக்கு. வேறு கடையில் வசூலாகியிருக்க வேண்டிய வரியையும் புது வரி என்று எழுதினால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

கட்டடம் போய்விடும், கடன் போகாது. இதற்கு சியாட்டிலைப் பாருங்கள். கிங்டோம் என்ற கூரை மைதானத்தை 1976-இல் திறந்தார்கள். 2000-இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதன் பேரில் இருந்த கடனை 2015 வரை கட்டினார்கள். செயின்ட் லூயிஸில் ராம்ஸ் அணியை இழுப்பதற்காகப் பொதுப் பணத்தில் கட்டிய டோம் 1995-இல் தயாரானது. இருபது வருடம் ஆடிவிட்டு அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது, ஊர் மட்டும் கடன் கட்டிக்கொண்டிருந்தது. டெட்ராய்ட் பக்கத்து பாண்டியாக்கில் 1975-இல் ஐந்தரைக் கோடி டாலருக்கு மேல் போட்டுக் கட்டிய சில்வர்டோம் 2009-இல் ஏலத்தில் ஆறு லட்சம் டாலருக்குக்கூடப் போகவில்லை.

இனி, எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடத்துக்கு வருகிறேன். அந்த 60 கோடி எங்கிருந்து வருகிறது?

ஆளுநர் டிவைன் முதலில் விளையாட்டுச் சூதாட்டத்துக்கான வரியை இரட்டிப்பாக்கி அதிலிருந்து கொடுக்கலாம் என்றார். மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை கடன் பத்திரம் என்றது. கடைசியில் மேலவை கண்டுபிடித்த வழிதான் நிலைத்தது: உரிமை கோரப்படாத பணம். வாடகை வீட்டுக்குக் கட்டிய முன்பணம், மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றாமல் விட்ட கடைசிச் சம்பளக் காசோலை, காப்பீட்டுத் தொகை, இதெல்லாம் சில ஆண்டுகள் யாரும் கேட்காவிட்டால் மாநில வணிகத் துறையிடம் போய்ச் சேரும். உரியவர் எப்போது வந்து கேட்டாலும் திருப்பிக் கொடுப்பதற்காக அரசு பாதுகாத்து வைக்கும் பணம் அது. இப்போது பத்து ஆண்டு தாண்டியதை அரசே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தை மாற்றி, அதில் ஒரு பகுதியை மைதானத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். இது மக்கள் சொத்து என்று வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பணம் யாருடையதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடிக்கடி வீடு மாறுகிறவர், இறந்துபோன அம்மாவுக்கு ஒரு பாலிசி இருந்தது தெரியாத மகன், படிக்க வந்து ஊரைவிட்டுப் போனவர். நம்மவர்களும் அதில் நிறைய இருப்பார்கள். இப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடிப் பார்க்க மாநில அரசின் இணையதளம் இருக்கிறது; போன மாதம் அதில் என் மனைவியின் பெயரைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அவள்தான், “எங்க அப்பா பேரைப் போட்டுப் பாருங்க” என்றாள். போட்டேன். வந்த முகவரி, கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த பார்மா அபார்ட்மெண்ட். கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் மாமனார் பெயர், அதுவும் ஓர் எழுத்து மாறி. பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் பணம். சோபா வாங்கக் காசில்லாமல் தரையில் பாய் விரித்துப் படுத்த நாளில் கட்டிய முன்பணம்.

இதை ஒரு கோடீஸ்வரக் குடும்பத்தின் மைதானக் கூரைக்குக் கொடுக்க யாரும் எங்களைக் கேட்கவில்லை.

இந்த ஊர் அணிக்காக எதுவும் செய்யாத ஊரும் இல்லை. 1995 நவம்பர் 6-ஆம் தேதி அப்போதைய உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். மறுநாள் இங்கே வாக்கெடுப்பு. பழைய மைதானத்தைப் புதுப்பிக்க மதுவுக்கும் சிகரெட்டுக்கும் வரியை நீட்டிக்கலாமா என்பது கேள்வி. முதுகில் குத்துப்பட்ட மறுநாளும் மக்கள் பெரும்பான்மையாக ‘ஆம்’ என்று வாக்களித்தார்கள். பெயரையும் நிறத்தையும் விடாமல் பிடித்து வைத்து, 1999-இல் அணியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இனி எந்த முதலாளியும் பொதுப் பணத்தில் ஆடிவிட்டு இப்படி ஓடிவிடக் கூடாது என்று 1996-இல் ஒரு சட்டமும் வந்தது. கொலம்பஸ் சாக்கர் அணி டெக்ஸஸுக்குப் போகாமல் நின்றதில் அந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு. அப்போது அந்த அணியை வாங்கியவர்களில் இதே ஹாஸ்லம் குடும்பமும் ஒன்று. அதே சட்டத்தை, மாநிலத்தை விட்டுப் போனால்தான் செல்லும் என்று 2025 பட்ஜெட்டில் சுருக்கிவிட்டார்கள். கிளீவ்லாந்துக்குக் கையில் இருந்த ஒரே பிடியும் போயிற்று.

மேயர் ஜஸ்டின் பிப் பழைய மைதானத்தைப் புதுப்பிக்க 46 கோடி டாலர் தர முன்வந்திருந்தார். நான் அதற்கும் ஆதரவு இல்லை. அதுவும் பொதுப் பணம்தான். கடைசியில் 2025 அக்டோபரில் நகரத்துக்கு அணி சுமார் 10 கோடி டாலர் தருவது என்று இரு தரப்பும் சமாதானம் ஆனார்கள். பழைய மைதானத்தை இடிக்கும் செலவும் அதில் அடக்கம். இதில் ஒரு நல்லதும் உண்டு. அந்த ஏரிக்கரை நிலம் ஊருக்குத் திரும்பக் கிடைக்கும். வருடத்தில் பத்து நாளுக்காகப் பூட்டிக் கிடந்த கரை அது. அங்கே என்ன வரப்போகிறது என்று பேசும் பொதுக் கூட்டங்களுக்கு நாம் போக வேண்டும். அடுத்த தேர்தலில் சட்டமன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அந்தப் பட்ஜெட்டுக்கு எப்படி வாக்களித்தீர்கள் என்று கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தேநீர் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மடிக்கணினி வைத்திருக்கிறோம். உங்கள் பெயரைத் தேடுங்கள். இனிஷியலை விரித்து எழுதித் தேடுங்கள், அப்பா பெயரை முன்னால் போட்டுத் தேடுங்கள், கல்யாணத்துக்கு முந்தின பெயரிலும் தேடுங்கள். இங்கே படித்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிப் போன நண்பர்களின் பெயரையும் தட்டிப் பாருங்கள், வந்தால் உடனே அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். எந்தப் படிவம், என்ன அடையாளச் சான்று என்பதை நான் அங்கேயே உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். வாருங்கள்.