பஸ்லயும் பைக்லயும் கிட்டார் தூக்கிட்டுப் போறீங்களா? கேஸ் எடுக்கறதுக்கு முன்னாடி இத கேளுங்க

வணக்கம் மக்களே, கிருஷ்ணகிரில இருந்து பேசுறேன், நடுவுல லாரி சத்தம் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கங்க, ஹைவே ஒட்டியே வீடு. இன்னைக்கு கிட்டார் கேஸ், அதாவது கிட்டார வச்சுத் தூக்கிட்டுப் போற பை, பெட்டி. நம்ம ஊர்ல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது, கிளாஸுக்கு ஓசூர் போனாலும் பெங்களூர் போனாலும் பஸ்ஸுதான், இல்லன்னா பைக்கு, அதனால "ஹார்ட் கேஸ், அதான் கெட்டிப் பெட்டி, வாங்கிட்டா போதும்"னு ஒரே வார்த்தைல என்னால சொல்ல முடியாதுங்க. எதுல தூக்கிட்டுப் போறோமோ அத வச்சுதான் கேஸ் எடுக்கணும்.

மொதல்ல கிட்டார் எங்க உடையும்னு பாருங்க. ஹெட்ஸ்டாக், அதான் கம்பிய முறுக்கற தலைப்பக்கம், கழுத்தோட சேர்ற எடம். கரண்ட் இல்லாம வாசிக்கற அக்கூஸ்டிக் கிட்டார்ல லைட் கேஜ்ங்கற மெலிசு கம்பி ஆறும் சேர்ந்து கிட்டத்தட்ட 70 கிலோ இழுத்துக்கிட்டு நிக்குது, அங்கதான் மரமும் மெலிசு, ஹெட்ஸ்டாக் பின்னாடி சாஞ்ச மாடலா இருந்தா மல்லாக்க விழுந்தாலே மொத அடி அதுக்குதான். கிப்சன் லெஸ் பால்ங்கற எலக்ட்ரிக் கிட்டார் அதுக்குன்னே பேர் வாங்கினது, பல வருஷ மாடல்ல சாய்வு 17 டிகிரி. ஃபெண்டர் கம்பெனி கிட்டார் மாதிரி ஹெட்ஸ்டாக் நேரா இருக்கறதுல அந்த பயம் கம்மி.

அதனால கடைல பஞ்சு எவ்ளோ தடிமன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. உள்ள கழுத்துக்கு கீழ முட்டு குடுத்து, ஹெட்ஸ்டாக் எதுமேலயும் படாம அந்தரத்துல நிக்குதான்னு கைய விட்டுப் பாருங்க. உங்க கிட்டாரையே கொண்டு போங்க தம்பி, வெக்கப்படாதீங்க. 38 இன்ச் கிட்டார 41 இன்ச் பைல போட்டா ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ளயே போய் இடிக்கும். மாங்கா பெட்டில வைக்கோல் திணிச்சு ஆடாம அடுக்கறாங்கல்ல, அதே கணக்குதான்.

கடைல கிட்டாரோட சும்மா குடுக்கற மெலிசு பை தூசிக்கும் கீறலுக்கும் ஆகும், அடிக்கு ஆகாது. பஸ்ல மடில வச்சுக்கிட்டு போறவங்களுக்கு என் ஓட்டு 20 எம்எம் ஃபோம் வச்ச கிக் பேக்ங்கற தோள் பை, ரெண்டு தோள் பட்டை, பட்டை தையல் பைக்குள்ளார வரைக்கும் போயிருக்கணும், இழுத்துப் பாருங்க. பஸ் படி ஏறும்போது மட்டும் தோள்ல இருந்து எறக்கி கைல புடிச்சுக்கங்க, ஹெட்ஸ்டாக் நம்ம தலைக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும், வாசல் மேல் கம்பில நேரா மோதும், இது நெறைய பேருக்கு நடக்குது. டிக்கில போடச் சொல்ற பஸ்ல போறீங்க, தொப்பூர் கணவாய்ல மத்த பெட்டியெல்லாம் அதுமேல சரியும்னா அப்ப ஹார்ட் கேஸ்தான், வேற பேச்சே இல்ல. பிளைவுட் கேஸ் கனம்தான், கிட்டார விடவே கூட கனக்கும், ஏபிஎஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக் கேஸ் கொஞ்சம் லேசு. ரெண்டுக்கும் நடுவுல ஃபோம் கேஸ்னு ஒன்னு இருக்கு, துணி போத்தின கெட்டி ஃபோம், பைக்ல பின்னாடி உக்காந்து போறவங்களுக்கு எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்.

வெயில எந்த கேஸும் தடுக்காதுங்க. சித்திரை வைகாசில பூட்டின காருக்குள்ள கருப்பு கேஸ்ல கிட்டார் இருந்தா பசை எளகும், கம்பிய கீழ மாட்டற பிரிட்ஜ் கட்டை தூக்கிக்கும், ஹார்ட் கேஸா இருந்தாலும் அதே கதிதான். மழைல நனைஞ்சா வீட்டுக்கு வந்ததும் கிட்டார வெளிய எடுத்துடுங்க, பை ஜிப்ப தொறந்து ஃபேன் காத்துல காயப் போடுங்க, ஈரப் பைக்குள்ளயே விட்டா பூஞ்சை வரும்.

ஹார்ட் கேஸ் வச்சிருக்கற ஹாஸ்டல் பசங்களுக்கு இன்னொன்னு. ரெண்டு நிமிஷம்னாலும் மூடியை சும்மா சாத்திட்டுப் போகாதீங்க, எல்லா லாக்கையும் போடுங்க, இல்லன்னா தொறந்தே வைங்க. எடத்த ஒதுக்கறேன்னு யாராவது கைப்பிடிய புடிச்சுத் தூக்குவாங்க, மூடி தொறந்து கிட்டார் தரைல விழும்.