வாரத்துக்கு மூன்று மணி நேரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றபடியே கேட்கும் காரைக்குடிப் பெரியவர்களே, வணக்கம்.

சமுதாயக் கல்லூரிக்குக் கைத்தொழில் மட்டும் போதுமா, கலையும் வேண்டுமா? தலைப்பு இதுதான். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கேட்டார்: “படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகள் ஒரே ஒரு வருடம் வருகிறார்கள். தையலோ, ஏசி மெக்கானிக் வேலையோ, நோயாளிப் பராமரிப்போ கற்றுக்கொண்டு சம்பாதிக்கப் போகவேண்டியவர்கள். அவர்களுக்கு எதற்குக் கும்மியும் கோலாட்டமும்?” நல்ல கேள்வி. நானும்தான் கைதட்டினேன்.

அதில் பாதியை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். ஆண்டு விழாவுக்காக ஒரு மாதம் வகுப்பைக் கெடுத்து, வாடகைக்கு ஜிகினா உடை எடுத்து, சினிமாப் பாட்டுக்கு ஆடப் பழகி, சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும்வரை பிள்ளைகளை வேர்க்க விடுகிறார்களே, அதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. எங்கள் அணித் தலைவர் முறைக்கிறார், பரவாயில்லை. எனக்கு விழா வேண்டாம். பாட அட்டவணையில் ஓர் இடம் வேண்டும்.

அண்ணே, ஆத்தங்குடிக்கு ஒரு நடை வாருங்கள். தரைக்குப் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில், தொழிலாளி கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து வைத்திருப்பார். அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூப்போட்ட அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் ஊற்றிவிட்டு அச்சைத் தூக்குவார். அந்த நொடியில் கை கொஞ்சம் ஆடினால் போச்சு, சிவப்பு போய்ப் பச்சையில் கலந்துவிடும். அப்புறம்தான் மணலும் சிமெண்டும் போட்டு நிரப்பி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவது. அந்தக் கல்லின் பளபளப்பு எந்த மெஷினும் தேய்த்துக் கொடுத்ததில்லை. கண்ணாடியில் படிந்து கிடந்த முகத்துக்குத் தானாக வருவது. இப்போது சொல்லுங்கள், இது கைத்தொழிலா, கலையா? சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல் என்பது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சையை வைப்பது என்று எத்தனை வாரத்தில் சொல்லிக்கொடுப்பீர்கள்? 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிச் சேலைக்கும் இதே கதைதான். நிறம் பார்க்கும் கண் இல்லாதவர் நெய்தால் அது வெறும் கட்டம் போட்ட துணி.

எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டார்: “இந்தச் செட்டிநாடு வட்டிக் கணக்கில் வளர்ந்த சீமை, கணக்குப் பாருங்கள்” என்று. சரி, பார்ப்போம். இதே சீமையில் கானாடுகாத்தானில் பிறந்த அண்ணாமலை அரசர், அதாவது ராஜா சர் அண்ணாமலை செட்டியார், வங்கி நடத்தியவர். அவருக்குத் தெரியாத கணக்கா? சிதம்பரத்தில் கல்லூரி வைத்தவர் இசைக்கும் தனிக் கல்லூரி வைத்தார். 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தபோதும் முன்னால் நின்றார். இதே காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கினார். குன்றக்குடி அடிகளார் போன்றவர்கள் நடுவராக உட்கார்ந்து இந்தப் பட்டிமன்றக் கலையை வளர்த்ததும் இந்த வட்டாரம்தான். கலை வேண்டாம் என்று சொல்வதற்கே அண்ணன் ஒரு கலை நிகழ்ச்சிக்கு வரவேண்டியிருக்கிறது பாருங்கள்!

சமுதாயக் கல்லூரி 1995-இல் புதுச்சேரியிலும் மறு வருடம் சென்னையிலும் தொடங்கியபோதே, தொழிலோடு வாழ்க்கைத் திறனையும் பாடமாகச் சேர்த்துத்தான் வைத்தார்கள். நாங்கள் புதிதாக எதையும் நுழைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. போன வருடம் பராமரிப்புப் படிப்பு முடித்த பெண் என்னிடம் சொன்னது. பயிற்சிக்கு ஒரு பெரிய வீட்டுக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில்; வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஓர் ஆச்சி மட்டும், கட்டிலோடு. பிரஷர் பார்க்க விடுவார், மாத்திரை போட்டுக்கொள்வார். சாப்பாட்டுத் தட்டை மட்டும் தள்ளிவிடுவார். நாலாவது நாள் இவள் தரை துடைத்துக்கொண்டே, கல்லூரியின் வெள்ளிக்கிழமைக் கலை வகுப்பில் கற்ற கும்மிப் பாட்டை முணுமுணுத்திருக்கிறாள். கட்டிலில் இருந்து ஒரு குரல்: “ஆத்தா, மூணாவது அடி தப்பு.” ஆச்சியே அந்த அடியைப் பாடிக் காட்டியிருக்கிறார். அப்புறம் இவள் பாட, அவர் திருத்த, அரை மணி நேரம் ஓடியிருக்கிறது. முடிந்ததும், “தொண்டை காயுது, கொஞ்சம் ரசஞ்சோறு பிசைஞ்சு கொண்டா” என்றாராம்.

அந்த வெள்ளிக்கிழமை வகுப்பைத்தான் நேரத்துக்குக் கேடு என்று எடுக்கச் சொல்கிறார்கள். வாரத்துக்கு மூன்று மணி நேரம் அது, நடுவர் அவர்களே. இருக்கட்டும் என்று சொல்லுங்கள். வணக்கம்.