இம்பர்: எழுதித் தராத வாக்கு

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்தின் வில்ட்‌ஷயரில், சாலிஸ்பரி சமவெளியின் நட்டநடுவே இம்பர் என்றொரு கிராமம். எந்தப் பட்டணத்துக்குப் போவதானாலும் ஏழு மைல் என்று ஊரார் பாட்டுக் கட்டிப் பாடும் அளவுக்கு ஒதுக்குப்புறம். அந்த ஒதுக்குப்புறம்தான் ராணுவத்துக்குப் பிடித்துப்போனது.

1920களின் கடைசியில் ராணுவம் அங்கே நிலம் வாங்க ஆரம்பித்தது. விவசாயம் நொடித்துக் கிடந்த காலம். நிலத்தை விற்றுவிட்டு அதையே குறைந்த குத்தகைக்கு எடுத்து உழலாம் என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? தேவாலயம், பாதிரியார் வீடு, 'பெல் இன்' மதுக்கடை என்று சிலவற்றைத் தவிர, ஊரே ராணுவத்தின் கைக்குப் போனது.

1943 நவம்பர் 1ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டு, 47 நாளில் காலி செய்யச் சொன்னார்கள். அமெரிக்கப் படைகள் தெருச்சண்டை பழக இடம் வேண்டுமாம். போர் முடிந்ததும் வந்துவிடலாம் என்று நம்பித்தான் சுமார் 150 பேரும் கிளம்பினார்கள். அடுக்களையில் டப்பா உணவை அப்படியே விட்டுப்போனவர்களும் உண்டு. ஊர்க்கொல்லர் ஆல்பர்ட் நாஷ் பட்டடைக்கல்மேல் சாய்ந்து அழுதார் என்பார்கள். வேறூர் போன சில வாரங்களில் அவர் இறந்துபோனார். உடலை இம்பருக்கே கொண்டுவந்து புதைத்தார்கள்.

போர் முடிந்தது. ஊர் திரும்பவில்லை. 1961 ஜனவரியில் சுமார் 2,000 பேர் தடையை மீறி ஊருக்குள் நுழைந்தார்கள். விசாரணையும் நடந்தது. ஆனால் கிரயப்பத்திரம் ராணுவத்தின் பெட்டியில் இருந்தது. திரும்பலாம் என்ற பேச்சு ஊராரின் காதில் மட்டுமே இருந்தது. எது ஜெயிக்கும் என்று சொல்லவா வேண்டும்? வருடத்துக்கு ஒரு முறை தேவாலயத்தில் வழிபாடு நடத்திக்கொள்ளலாம் என்பதுதான் கிடைத்தது.

13ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்தப் புனித கைல்ஸ் தேவாலயம் இன்றும் முழுசாக நிற்கிறது. கோபுரத்தின் உட்சுவரில் மணியடிக்கும் முறையை எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் 1692 என்று ஆண்டு. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்று கயிறு பிடிப்பவர் நிமிர்ந்து பார்த்துக்கொள்ள வசதி. உள்ளே இருந்த பழைய கற்சிலைகள் இரண்டு மட்டும் அருகிலுள்ள எடிங்டன் தேவாலயத்துக்குப் போய்விட்டன.

தெருவில் ஜன்னல் சட்டமில்லாமல் வெறும் சுவராக நிற்கும் வீடுகளைப் பார்த்து, ஐயோ, யார் வாழ்ந்த வீடோ என்று உருகிவிடாதீர்கள். அவற்றில் பல, வட அயர்லாந்துக்குப் போகும் சிப்பாய்கள் பழகுவதற்காக 1970களில் ராணுவமே கட்டியவை. யாரும் ஒரு நாள்கூட அங்கே அடுப்பு மூட்டியதில்லை.

2009 முதல் ஆண்டுக்கொரு நாள், வார்மின்ஸ்டரிலிருந்து பழைய சிவப்பு மாடிப் பேருந்துகள் இம்பருக்கு ஓடுகின்றன. போகிறவர்கள் சாலையை விட்டு இறங்கக் கூடாது. புல்வெளியில் வெடிக்காத குண்டுகள் கிடக்கலாம் என்று வழிநெடுகப் பலகை வைத்திருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.