சிறையா, அபராதமா? சிறு குற்றங்களையும் கலவரத்தையும் எது தடுக்கும்?

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒரு நேயர் அனுப்பியது. “சின்னத் திருட்டு, டிக்கெட் எடுக்காமல் பயணம், கலவரத்தில் கல்லெறிவது, கண்ணாடியை உடைப்பது, இதற்கெல்லாம் சிறையில் போட்டு அரசுப் பணத்தில் சோறு போடுவதைவிடப் பெரிய தொகையாக அபராதம் போட்டால் பயம் வராதா? கலவரம் நடந்த பகுதிக்கே மொத்தமாக அபராதம் போட்டால் என்ன?”

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறு குற்றத்துக்கு அபராதம்தான் சரி. ஆனால் நீங்கள் சொல்கிற “பெரிய தொகை” என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கலவரத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

தண்டனை கடுமையாக இருந்தால் பயம் வரும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். இத்தாலியைச் சேர்ந்த சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே இதை மறுத்து எழுதினார். மாட்டிக்கொள்வது நிச்சயம் என்றால் மிதமான தண்டனையே போதும், தப்பிக்க வழி இருந்தால் கடுமையான தண்டனையும் வேலை செய்யாது என்பது அவர் வாதம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் தூக்கு. அதற்காக ஒரு மனிதனைத் தூக்கில் போட, வழக்கில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்களான ஜூரிகளுக்கு மனம் வரவில்லை. பொருளின் மதிப்பு 39 ஷில்லிங்தான் என்று வேண்டுமென்றே குறைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். தண்டனை அளவுக்கு மீறிப் போனால் அதைக் கொடுக்கிறவர்களே தயங்குகிறார்கள், தண்டனையின் நிச்சயம் குறைந்துவிடுகிறது. பெரிய அபராதத்துக்கும் இதே கதிதான். வசூலிக்க முடியாத தொகையை எழுதி வைத்து என்ன பயன்?

சரி, சிறையைப் பார்ப்போம். பிரிட்டன் நீதி அமைச்சகம் 2019-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரே மாதிரிப் பின்னணி உள்ளவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 12 மாதத்துக்கும் குறைவாகச் சிறைக்குப் போனவர்கள், வெளியிலேயே கண்காணிப்பிலும் சமூகப் பணியிலும் தண்டனை அனுபவித்தவர்களைவிட அதிகமாக மறுபடி குற்றம் செய்தார்கள், வித்தியாசம் சுமார் 4 சதவீதப் புள்ளிகள். மூன்று மாதம் உள்ளே இருந்தால் வேலை போகும், வாடகை வீடு போகும். உள்ளே திருந்துவதற்கு நேரம் போதாது, கெட்டுப்போவதற்கு அந்த நேரமே போதும். ஸ்காட்லாந்தில் 12 மாதம் வரையிலான சிறைத் தண்டனையை வேறு வழியில்லாதபோது மட்டுமே கொடுக்க வேண்டும் என்று 2019-ல் விதியே கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்படியானால் அபராதம் வென்றுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அபராதத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் ஒரு சோதனை செய்தார்கள், 2000-ல் வெளிவந்தது. குழந்தையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் போட்டார்கள். தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கானது. முன்பு “ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே” என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது, பணம் கட்டினால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தார்கள். பிறகு அபராதத்தை எடுத்த பின்னும் பழைய கூச்சம் திரும்பவில்லை. வசதி உள்ளவனுக்கு அபராதம் இப்படித்தான் ஒரு விலைச் சீட்டாகிவிடுகிறது.

இன்னொரு ஓட்டை இதைவிட மோசமானது. அமெரிக்காவில் ஃபெர்குசன் என்ற சிறு நகரம். அங்கே 2014 ஆகஸ்டில் ஓர் இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதும் பெரும் கொந்தளிப்பு வந்தது. மத்திய நீதித் துறை விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை கொடுத்தது. அந்த நகரம் அபராதத்தை வருமான வழியாகவே நடத்திவந்தது என்று அதில் வெளிவந்தது. ஒரு பெண் 2007-ல் ஒரே ஒரு முறை காரைத் தவறாக நிறுத்தினார். 151 டாலர் அபராதமும் கட்டணங்களும். கட்ட முடியவில்லை, நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று மேலும் மேலும் வழக்குகள். இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 550 டாலர் கட்டிய பிறகும் 2014 இறுதியில் 541 டாலர் பாக்கி! நேயர் இதைக் கவனிக்க வேண்டும். கலவரத்தைத் தடுக்கும் என்று நீங்கள் நம்புகிற அபராதமே ஓர் ஊர் மக்களின் கோபத்தை வருடக் கணக்கில் சேர்த்து வைத்தது. அதோடு, ஏழைக்குப் போடும் அபராதம் கடைசியில் சிறையாகத்தான் முடிகிறது. சிறைக்குப் பதில் அபராதம் என்று நாம் பேசுவது அவர் விஷயத்தில் அர்த்தமில்லாமல் போகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஃபின்லாந்து 1921-லேயே நாள் கணக்கு அபராதத்தைக் கொண்டுவந்தது. குற்றத்துக்கு ஏற்ப இத்தனை நாள், ஆளின் வருமானத்துக்கு ஏற்ப ஒரு நாளுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் போடுவார்கள். 2002-ல் நோக்கியா நிறுவன உயர் அதிகாரி ஒருவர் 50 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய சாலையில் 75-ல் போனதற்கு 1,16,000 யூரோ அபராதம் விழுந்தது. வருமானம் குறைந்துவிட்டது என்று மேல்முறையீட்டில் காட்டினார், தொகையும் வெகுவாகக் குறைந்தது. அந்த முறையின் நியாயமே அதுதான். ஜெர்மனியும் 1975 முதல் இதைப் பின்பற்றுகிறது. ஆனால் அங்கேகூட டிக்கெட் இல்லாமல் பயணித்து, அபராதம் கட்ட முடியாமல் சிறைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் அந்தச் சிறை நாட்களைப் பாதியாக்கினார்கள். கட்ட முடியாதவருக்குச் சிறைக்குப் பதில் வேலை கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம், பாதி போதாது.

இனி கலவரத்துக்கு வருவோம். கடையில் ஒரு பொருளை எடுத்து ஒளித்துக்கொள்கிறவன் தனியாக யோசிக்கிறான். கூட்டத்தில் நிற்கிறவன் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்துத்தான் யோசிக்கிறான். கிரானொவெட்டர் என்ற சமூகவியலாளர் 1978-ல் இதை அழகாக விளக்கினார். நூறு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவன் யாரும் தொடங்காமலே கல்லெறிவான். அடுத்தவன் ஒருவர் எறிந்தால் எறிவான், மூன்றாமவன் இருவர் எறிந்தால் எறிவான், இப்படியே நூறாவது ஆள் வரை போகும். முதல் கல் விழுந்தால் நூறு பேரும் சேர்ந்துவிடுவார்கள். இப்போது அந்த இரண்டாவது ஆளை எடுத்துவிட்டு, இருவர் எறிந்தால்தான் எறிவேன் என்கிறவனை அங்கே வையுங்கள். முதல் ஆளோடு எல்லாம் நின்றுவிடும். மனிதர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தான், ஆனால் கலவரம் இல்லை. அந்தச் சில நிமிடங்களில் சட்டப் புத்தகத்தில் எத்தனை வருடம், எவ்வளவு தொகை என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. “என் முகம் யாருக்கும் தெரியாது” என்ற நினைப்புதான் கையைத் தூக்க வைக்கிறது. அந்த நினைப்பை உடைப்பதுதான் தடுப்பு: கேமரா, முதல் சில பேரைச் சீக்கிரம் பிரித்தெடுக்கும் போலீஸ், அடையாளம் கண்டதும் தாமதமில்லாத வழக்கு.

லண்டனில் 2011 ஆகஸ்ட் கலவரத்தின்போது நீதிமன்றங்கள் இரவெல்லாம் நடந்தன. அந்த வேகத்தை நான் ஆதரிக்கிறேன். ஆனால் 3.50 பவுண்டு மதிப்புள்ள தண்ணீர் பாட்டில்களைத் திருடிய மாணவர் ஒருவருக்கு ஆறு மாதச் சிறை கொடுத்ததை ஆதரிக்க முடியவில்லை. தீ வைத்தவனுக்கும், ஆளைத் தாக்கியவனுக்கும், கூட்டத்தைத் தூண்டிவிட்டவனுக்கும் சிறை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடைந்த கடைக்குள் கடைசியாக நுழைந்தவனுக்கு அது வேண்டாம்.

பகுதிக்கே மொத்த அபராதம் என்பது கூடவே கூடாது. ஆங்கிலேயர் 1861 போலீஸ் சட்டத்தில் இந்தியாவில் அப்படி ஒரு வழி வைத்திருந்தார்கள், அமைதி கெட்ட பகுதியில் கூடுதல் போலீஸை நிறுத்தி, செலவை அந்த மக்களிடமே வாங்கலாம் என்று. கதவை அடைத்துக்கொண்டு உயிருக்குப் பயந்து உள்ளே இருந்தவரும் கட்ட வேண்டும். கல்லெறிந்தவனும் எறியாதவரும் ஒரே தொகை கட்டுவதென்றால், எறியாமல் இருப்பதற்கு என்ன காரணம் மிச்சம் இருக்கிறது?

இன்னொன்று, அபராதப் பணம் அரசுக்குப் போகிறது. கடையை இழந்தவருக்கு என்ன கிடைக்கிறது? இங்கிலாந்துச் சட்டத்தில் ஒருவரால் அபராதம், இழப்பீடு இரண்டையும் கட்ட முடியாது என்றால் இழப்பீட்டுக்குத்தான் முதலிடம். கண்ணாடியை உடைத்தவன் அந்தக் கடைக்காரருக்கு மாதாமாதம் தன் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். சம்பளம் இல்லையென்றால் அந்தத் தெருவைச் சரிசெய்யும் வேலையில் அவனைப் போட வேண்டும். அரசு தன் பங்கை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.