ஹவாயி ராஜ்யம் அமெரிக்கா ஆன கதை

(திரையில்: மங்கிப்போன ஒரு தாள்)

இந்தத் தாளைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. வரிக்கு ஒரு பேரு, பக்கத்துல வயசு. 1897-ல 21,000 பேருக்கு மேல இப்படிக் கையெழுத்துப் போட்டு, எங்க நாட்டை அமெரிக்காவோட சேர்க்காதீங்கன்னு வாஷிங்டனுக்குக் கொடுத்தனுப்புனாங்க. அப்போ ஹவாயி பூர்வகுடிங்க மொத்தமே சுமார் 40,000 பேர்தான்!

ஆமாங்க, பசிபிக் கடல்ல இருக்குற ஹவாயித் தீவுங்க அப்போ ஒரு தனி நாடு. 1843-லயே பிரிட்டனும் பிரான்ஸும் அதைச் சுதந்திர நாடுன்னு ஏத்துக்கிட்டாச்சு. தலைநகரம் ஹோனலுலுல இருந்த ராஜாவோட இயோலானி அரண்மனைல, வெள்ளை மாளிகைக்கு முன்னாடியே கரண்ட் லைட் எரிஞ்சுது.

எல்லாத்துக்கும் ஆரம்பம் சர்க்கரை. 1875 ஒப்பந்தத்தால ஹவாயி சர்க்கரை வரியில்லாம அமெரிக்காவுக்குள்ள போச்சு, கரும்புத் தோட்ட முதலாளிங்க கை ஓங்கிடுச்சு, 1887-ல ராஜா கலாகவாவை மிரட்டியே புது அரசியல் சட்டத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க, ராஜாவோட அதிகாரமும் போச்சு, சொத்தில்லாத ஏழை ஜனங்களோட ஓட்டும் போச்சு.

அவரு தங்கச்சி லிலியுவோகலானி ராணியானதும் அந்தச் சட்டத்தை மாத்தப் பார்த்தாங்க. 1893 ஜனவரி 16, போஸ்டன்ங்கிற அமெரிக்கக் கப்பல்ல இருந்து 162 பேர் துப்பாக்கியோட இறங்குனாங்க. மறுநாள் ஆட்சி கவுந்துச்சு. ரத்தம் சிந்த வேணாம்னு ராணி ஒதுங்கினாங்க, ஆனா இந்த முதலாளிங்களுக்கு நான் பணியல, அமெரிக்காவோட படைபலத்துக்குத்தான் பணியுறேன்னு தெளிவா எழுதிக் கொடுத்துட்டுத்தான். என்ன ஒரு நிதானம் பாருங்க!

1895-ல அவங்களை அவங்க அரண்மனையிலயே மாடி ரூம்ல பூட்டி வெச்சாங்க. அங்க உக்காந்து துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைச்சாங்க, நடுவுல ஹவாயி கொடிங்க. அந்தப் போர்வை இன்னைக்கும் அதே அரண்மனைல இருக்கு.

இப்போ அந்தக் கையெழுத்துக்கு வருவோம். இணைப்பு ஒப்பந்தம் பாஸாக செனட்ல, அதாவது அமெரிக்க நாடாளுமன்ற மேல்சபைல, மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். கிடைக்கல. ஜனங்க ஜெயிச்சுட்டாங்க! ஆனா 1898-ல ஸ்பெயினோட போர் வந்துச்சு, பசிபிக் நடுவுல கப்பல் நிக்க இடம் தேவைப்பட்டுச்சு, உடனே ஒப்பந்தத்தையே தூக்கி ஓரமா வெச்சுட்டு, பாதிக்கு மேல ஓட்டு இருந்தாலே போதும்ங்கிற கூட்டுத் தீர்மானமா கொண்டுவந்து நிறைவேத்திட்டாங்க. இன்னொரு நாட்டை உள்நாட்டுத் தீர்மானம் போட்டு எடுத்துக்கிட்டது என்ன நியாயம்? 1959-ல 50-ஆவது மாநிலம் ஆச்சு. 1993-ல, ஆட்சியைக் கவுத்ததுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டுச்சு, ராஜ்யம் மட்டும் திரும்பி வரல.

அந்தத் தாளுங்க வாஷிங்டன் ஆவணக் காப்பகத்துலயே கிடந்துச்சு. 1996-ல நோயெனோய் சில்வாங்கிற ஹவாயி ஆராய்ச்சியாளர் கண்டெடுத்த பிறகுதான், அங்க உள்ள ஜனங்க பக்கம் பக்கமா விரல் வெச்சுத் தேடி, தங்களோட கொள்ளுப்பாட்டி பேரைக் கண்டுபிடிச்சாங்க.