எல்லைக்கல்லும் சிட்டையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பெரிய கருத்தொன்றை ஓரிரு வரிகளில் அடக்கிச் சொல்லும் எழுத்துக்கு ஐரோப்பியர் இட்ட பெயர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அஃபோரிசம், ஜெர்மனில் அஃபோரிஸ்முஸ், ஃபின்னிய மொழியில் அஃபோரிஸ்மி என, ஒரே கிரேக்கச் சொல்தான் ஊருக்கோர் உடுப்பில் உலவுகிறது.

அதன் வேர் 'ஹோரோஸ்', அதாவது எல்லை. ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் கிடைத்த கல்லொன்றில், "நான் அகோராவின் எல்லைக்கல்" என்று கல்லே பேசுவதுபோலப் பொறித்திருக்கிறார்கள். அப்படி ஒரு கருத்துக்கு எல்லை நட்டு, இதற்கு அப்பால் வேறு என்று வரையறுப்பதே அஃபோரிசம். ஹிப்போக்ரடீஸின் பெயரில் வழங்கும் தொகுப்பு இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டது. அது மருத்துவ நூல். "வாழ்வு குறுகியது, கலை நெடியது" என்னும் அதன் முதல் வரியை இன்று ஓவியர்களும் பாடகர்களும் தமக்குரியதாக்கிக்கொண்டாலும், அங்கே கலை என்றது வைத்தியத் தொழிலைத்தான்.

பிரெஞ்சுக்காரர்களின் 'மாக்ஸிம்', 'மிகப் பெரியது' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆகச் சிறிய எழுத்துக்கு ஆகப் பெரிய பெயர்! ஐஸ்லாந்தியர் கடன் வாங்காமல், 'அறிவார்ந்த பேச்சு' என்ற பொருளில் 'ஸ்பாக்மைலி' என்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த லிஷ்டன்பெர்க் (1742–1799) தம் குறிப்பேடுகளுக்கு வைத்த பெயர்: 'சூடல்பூஹர்', அதாவது கிறுக்கல் நோட்டுகள். ஆங்கிலேய வணிகர்கள் அன்றன்றைய வரவுசெலவை வந்த வரிசையிலேயே சிட்டையில் கிறுக்கி வைத்து, பிறகு ஒழுங்குபடுத்திப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அந்தச் சிட்டைதான் தமக்கும் முன்மாதிரி என்று அவரே எழுதியிருக்கிறார். அவற்றுக்கு 'அஃபோரிஸ்மன்' என்று பெயர்ப்பலகை மாட்டியவர்கள் பிற்காலப் பதிப்பாசிரியர்கள்.

போலந்து மொழியிலோ, நம் பொன்மொழிக்கு உறவுபோல, 'தங்கச் சிந்தனை' என்றொரு வழக்கு உண்டு. ஆனால் அம்மொழியில் எழுதிய ஸ்தனிஸ்லாவ் யெஷி லெத்ஸ், 1957இல் தம் தொகுப்பை வெளியிட்டபோது, பொன்னை விட்டுவிட்டு, 'தலை வாராத சிந்தனைகள்' என்று பெயரிட்டார்.