30 ஆம்பியர் வீட்டுக்குள் ஒரு மின் குக்கர்

நேயர்களுக்கு வணக்கம்.

குக்கர் என்றதும் சோறு வைக்கிற ரைஸ் குக்கரை நினைத்துவிட வேண்டாம். மேலே நாலு அடுப்பும் கீழே ஓவனுமாக நிலத்தில் நிற்கிற பெரிய மின் குக்கரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. 2022-இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற யாருக்கும் இப்படி ஒன்றை வாங்கினால் என்ன என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்திருக்கும். அந்த வருடம் கறண்டும் மணிக்கணக்கில் நின்றதே என்று நீங்கள் முணுமுணுப்பதும் விளங்குகிறது. கொஞ்சம் கணக்கு வரும். பக்கத்தில் ஒரு பேனாவும் கடதாசியும் இருந்தால் நல்லது.

குக்கரின் பின்பக்கத்திலோ ஓவன் கதவைத் திறந்தால் தெரிகிற ஓரத்திலோ ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் உள்ள வாட்ஸ் எண்ணைப் பாருங்கள். 9200 வாட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்ஸ். 9200-ஐ 230-ஆல் பிரித்தால் 40 ஆம்பியர் வருகிறது. கொழும்பில் சாதாரண வீட்டு இணைப்போ ஒற்றைப் பேஸ், 30 ஆம்பியர். அப்படியானால் குக்கரே வாங்க முடியாதா?

வாங்கலாம். நாலு அடுப்பும் ஓவனும் ஒரே நேரத்தில் முழுச் சூட்டில் எரிவது அபூர்வம். அதனால் வயரிங் விதிகளில் ஒரு கணக்கு உண்டு: முதல் 10 ஆம்பியரை முழுதாக எடுங்கள், மிச்சத்தில் 30 வீதத்தைச் சேருங்கள். நம் குக்கருக்கு 10-உடன் 30-இல் 30 வீதமான 9. மொத்தம் 19 ஆம்பியர். சுவர் சுவிட்சோடு சேர்ந்து ஒரு பிளக் பொயின்டும் இருந்தால் இன்னொரு 5. ஆக 24.

சிக்கல் குக்கரோடு மட்டும் நிற்பதில்லை. குளியலறையில் 3500 வாட்ஸ் உடனடிச் சுடுநீர் ஹீட்டர் 15 ஆம்பியர் இழுக்கும். கேத்தல் 2000 வாட்ஸ் என்றால் கிட்டத்தட்ட 9. காலை ஆறரைக்கு ஒருவர் குளிக்க, ஒருவர் தேத்தண்ணி வைக்க, குக்கரில் இடியப்பம் அவிய, மூன்றும் சேர்ந்து 43 ஆம்பியர். மின்மானிக்குப் பக்கத்தில் உள்ள 30 ஆம்பியர் பிறேக்கர் உடனே விழாது. அதன் 1.13 மடங்கு வரை, அதாவது சுமார் 34 ஆம்பியரை, ஒரு மணித்தியாலம் தாங்கும்படியே அதைச் செய்கிறார்கள். 1.45 மடங்கில், ஏறக்குறைய 43-இல், ஒரு மணித்தியாலத்துக்குள் விழ வேண்டும். "சில நாள் விழுகிறது, சில நாள் விழவில்லை, பேய் பிடித்த பிறேக்கர்" என்று சொல்கிறவர்கள் வீட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். பிறேக்கரில் பழுது இல்லை, அது தன் கணக்கைப் பார்க்கிறது. அதைக் கழற்றிப் பெரியதைப் போடச் சொல்கிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். அது மின் வழங்குநர் முத்திரை வைத்த இடம். பெரிய பிறேக்கர் போட்டால் அதன் பின்னால் உள்ள வயர்தான் பியூஸாக மாறும். ஹீட்டரையும் குக்கரையும் ஒன்றாகத்தான் ஓட்ட வேண்டும் என்றால் மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். மின் வழங்குநர் யாரானாலும் வழி அதுதான்.

இனி வயர். குக்கருக்கு டிபி போட்டிலிருந்து, அதாவது வீட்டுக்குள் கறண்டைப் பிரித்து அனுப்புகிற பெட்டியிலிருந்து, தனி வயர் வர வேண்டும். இதில் பேரம் பேச இடமில்லை. அந்தப் பெட்டியில் குக்கருக்கென்று 32 ஆம்பியர் எம்.சி.பி. என்கிற சின்னப் பிறேக்கர், அதிலிருந்து 6 சதுர மில்லிமீற்றர் கொப்பர் வயர். புறக்கோட்டைக் கடையில் 7/1.04 என்று கேட்டால் தருவார்கள். 1.04 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஏழு கம்பி முறுக்கியது என்று பொருள். 7/0.67-ஐக் காட்டி "இதுவே போதும்" என்றால் வாங்காதீர்கள். அது 2.5 சதுர மில்லிமீற்றர், பிளக் பொயின்டுக்கு உரியது. 6 சதுர மில்லிமீற்றர் வயரில் 20 மீற்றர் தூரத்துக்கு 30 ஆம்பியர் ஓடினால் நாலரை வோல்ட்ஸ் அளவில்தான் குறையும். அதனால் சமையலறை வீட்டின் பின்கோடியில் இருந்தாலும் பயமில்லை.

சமையலறைச் சுவரில் 45 ஆம்பியர் குக்கர் சுவிட்ச் வர வேண்டும். லைன், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கிற இரட்டை முனைச் சுவிட்ச் அது. குக்கரிலிருந்து இரண்டு மீற்றருக்குள், ஆனால் அடுப்புக்கு நேர் மேலே இல்லாமல், பக்கவாட்டில் வையுங்கள். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் நெருப்புக்கு மேலால் கை நீட்டிச் சுவிட்சைத் தேடும் நிலை வரக்கூடாது. சுவிட்சிலிருந்து கீழே ஒரு இணைப்புப் பெட்டி, அங்கிருந்து குக்கருக்கு ஒன்றரை மீற்றர் ரப்பர் உறை வயர். குக்கரை இழுத்துப் பின்னால் கூட்டிக் கழுவ அந்த நீளம் வேண்டும். பெட்டிக்குள் வயரைப் பிடிக்கிற கிளிப்பை வேலைக்காரர்கள் அடிக்கடி மறந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் குக்கரை இழுக்கிற ஒவ்வொரு முறையும் இழுவை திருகாணியில் விழும், இணைப்பு தளரும்.

13 ஆம்பியர் சதுரமுனை பிளக்கில் பெரிய குக்கரைக் கொளுவலாமா என்றால், கூடாது. 13-ஐ 230-ஆல் பெருக்கினால் 2990 வாட்ஸ். மேசையில் வைக்கிற சின்ன ஓவனுக்கும் ஒற்றை ஹொட் பிளேட்டுக்கும் அது சரி. பெரிய குக்கர் பிளக்கில் வருகிற சாமானே இல்லை.

குக்கரின் பின்னால் உள்ள இணைப்புக் கட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறுகள் அதிகம் நடப்பது அங்கேதான். ஐரோப்பிய வகைக் குக்கர்களில் 1, 2, 3, 4, 5 என்று ஐந்து முனைகளும் ஏர்த்துக்கு ஒன்றும் இருக்கும். முதல் மூன்றும் லைன், 4-உம் 5-உம் நியூட்ரல். ஒற்றைப் பேஸ் வீட்டில் 1, 2, 3 மூன்றையும் பித்தளைத் தகட்டால் இணைக்க வேண்டும், 4-ஐயும் 5-ஐயும் வேறு தகட்டால். மூன்று பேஸ் என்றால் லைன்களுக்கு இடையில் உள்ள தகடு கட்டாயம் கழற்றப்பட வேண்டும், நியூட்ரல் தகடு அப்படியே இருக்க வேண்டும். புதுக் குக்கர் பூட்டிய அன்றே "இரண்டு அடுப்பு மட்டும் எரிகிறது, மற்றது செத்துக் கிடக்கிறது" என்றால், அநேகமாக லைன் தகடு ஒன்று போடாமல் விடப்பட்டிருக்கிறது. கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தத் தகடு எங்கே என்ற படம் கட்டையின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிற சொந்தக்காரர் கப்பலில் போட்டு அனுப்புகிற குக்கர் தனி விவகாரம். அங்கே இரண்டு லைன்களுக்கு இடையில் 240 வோல்ட்ஸ், ஒரு லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 120. அடுப்புகள் 240-இல் ஓடுவதால் இங்கேயும் வேலை செய்யும், எட்டு வீதம் அளவில் சூடு குறையும், அவ்வளவுதான். ஆனால் மணிக்கூடு, ஓவன் பல்ப், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் 120 வோல்ட்ஸை எதிர்பார்ப்பவை. அவற்றுக்கு 230 போனால் முதல் நாளே புகை. பழைய மூன்று வயர் மாதிரிகளில் உடல் தகரத்தையே நியூட்ரலோடு இணைத்திருப்பார்கள். அந்த இணைப்போடு இங்கே பூட்டுவது உயிரோடு விளையாடுவது. அன்பளிப்பை மறுப்பது கஷ்டம்தான், ஆனாலும் வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இனிப் பழுதுகள். முதலில் எது விழுந்தது என்று பாருங்கள். எம்.சி.பி. விழுந்தால் அளவுக்கு மிஞ்சிய கறண்ட் ஓடியிருக்கிறது. ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் கறண்ட் எங்கோ ஏர்த்துக்குக் கசிகிறது. வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி ஆம்பியருக்குள் விழ வேண்டும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் குக்கரை விட்டுவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

மார்கழியில் அடிக்கடி வருகிற முறைப்பாடு ஒன்று உண்டு. வருடம் முழுக்க ஓவன் பாத்திரம் அடுக்குகிற அலுமாரியாக இருந்திருக்கும். நத்தாருக்குக் கேக் போடலாம் என்று சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டு. ஓவனின் எலிமென்ட் என்பது உலோகக் குழாய். அதற்குள் சூட்டுக் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஒக்சைட் தூள் அடைத்திருக்கும். அந்தத் தூள் ஈரத்தை உறிஞ்சும். மழைக்கால ஈரப்பதனில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் குழாய் முனை வழியாக ஈரம் ஏறி, கம்பியிலிருந்து குழாய்க்குக் கறண்ட் கசியத் தொடங்கும். எலிமென்ட் பழுதாகவில்லை, நனைந்திருக்கிறது. அதைக் கழற்றி நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வைத்தோ, தலைமுடி உலர்த்தியால் மெதுவாகச் சூடாக்கியோ மெக்கர் என்கிற கசிவு பார்க்கும் கருவியால் 500 வோல்ட்ஸில் சோதிக்க வேண்டும். 1 மெக்ஓமுக்கு மேல் காட்டினால் திருப்பிப் பூட்டலாம். சாதாரண மல்டிமீற்றர் இந்தக் கசிவைக் காட்டாது, அது தருகிற வோல்ட்ஸ் மிகச் சின்னது. ஏர்த் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சுவிட்ச் விழாதே என்று யாராவது யோசனை சொன்னால், சுவிட்ச் விழாது, ஓவன் கைபிடியைத் தொடுகிற ஆள் விழுவார். ஓவனை மாதத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் 150 பாகையில் ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லையே வராது.

கொஞ்சம் குழப்பமான இன்னொன்று: குக்கரின் எல்லாத் திருகியும் பூச்சியத்தில் இருக்கிறது, ஆனாலும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. சுவரில் உள்ள குக்கர் சுவிட்சை நிறுத்தினால் விழவில்லை. இது குக்கருக்குள் நியூட்ரல் வயர் எங்கோ உடலைத் தொடுகிறது என்பதற்கு அடையாளம். பல குக்கர்களில் திருகி லைனை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். வீட்டில் வேறு சாமான் ஓடும்போது நியூட்ரல் கறண்டில் ஒரு பங்கு அந்த வழியால் ஏர்த்துக்குப் போகும். இதை மின் வினைஞரிடம் அப்படியே சொல்லுங்கள், அரை நாள் தேடல் மிச்சமாகும்.

ஓவன் சூடாகவே இல்லையா? எதையும் கழற்றுமுன் மணிக்கூட்டைப் பாருங்கள். கறண்ட் போய் வந்த பின் அது மின்னிக்கொண்டிருந்தால், நேரத்தைச் சரிப்படுத்தும் வரை ஓவன் தொடங்காத மாதிரிகள் நிறைய. கை அடையாளமுள்ள பொத்தானை அழுத்தினால் பெரும்பாலானவை சாதாரண நிலைக்கு வரும். இதற்கு ஒருவரைக் கூப்பிட்டு வருகைக் கூலி கொடுப்பது வீண் செலவு.

அடுப்பில் ஒன்று மட்டும் சூடாகவில்லை என்றால் அளந்து பார்க்கலாம். டிபி போட்டில் குக்கர் எம்.சி.பி.யை நிறுத்தி, டெஸ்டரால் உறுதி செய்துகொண்டு, எலிமென்டின் ஒரு முனை வயரையாவது கழற்றி ஓம் அளவு பார்க்க வேண்டும். 1000 வாட்ஸுக்கு 53 ஓம், 1500-க்கு 35, 2000-க்கு 26, ஓவனின் 2500-க்கு 21. குளிர்ந்த நிலையில் கொஞ்சம் குறைவாக வரலாம். எண்ணே வராவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. ஒன்றிலிருந்து ஆறு வரை எண் போட்ட திருகி உள்ள வார்ப்பிரும்புத் தட்டில் மூன்று கம்பிகள் இருக்கும், திருகி அவற்றைப் பல விதமாகச் சேர்க்கும். ஒன்றாம் இலக்கத்தில் மூன்றும் தொடராக நிற்பதால் ஒரு கம்பி அறுந்தாலும் ஒன்றில் சூடே வராது, ஆறில் குறைந்த சூடாவது வரும். அப்படி நடந்தால் திருகியைச் சந்தேகிக்குமுன் தட்டை அளந்து பாருங்கள். எண் இல்லாமல் வழுக்கிச் சுற்றுகிற திருகி என்றால் உள்ளே டிக் டிக் என்று தொட்டு விடுகிற ரெகுலேட்டர். அதன் தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால் எந்த நிலையில் வைத்தாலும் முழுச் சூடுதான். அதை மாற்றும் வரை அந்த அடுப்பைத் தொடாதீர்கள்.

கேக் வழமையை விட நேரம் எடுக்கிறது, வேறு பழுதில்லை என்றால் மாலை வேளையில் வோல்ட்ஸை அளந்து பாருங்கள். 210-க்கு இறங்கியிருந்தால் 2000 வாட்ஸ் எலிமென்ட் 1670 அளவுதான் தரும்.

கடைசியாக வாசனை. இணைப்பு தளர்ந்து சூடேறும்போது பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து மீன் வாடை போல ஒன்று வரும். மீன் சமைக்கிற வீட்டில் இதைப் பிரித்தறிவது சுலபமில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். சமைக்காத நாளில் வந்தால் கவனியுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, முகத்துவாரம் போன்ற கடலோர வீடுகளில் உப்புக் காற்றால் திருகாணி முனைகள் பச்சை பிடித்து இது சீக்கிரம் வரும். ஓவனும் இரண்டு அடுப்பும் அரை மணித்தியாலம் ஓடிய பின் புறங்கையை எம்.சி.பி.யின் முகத்திலும் சுவர் சுவிட்சின் தட்டிலும் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு வழமை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே குக்கரை நிறுத்துங்கள். பிறகு தேசிய தொழில் தகைமை பெற்ற மின் வினைஞர் ஒருவரைக் கூப்பிட்டு, மெயினை நிறுத்தி, குக்கர் வயரின் எல்லா முனைகளையும் கழற்றச் சொல்லுங்கள். கறுத்த கொப்பரை வெட்டிவிட்டுப் புது முனையைப் பூட்டி இறுக்க வேண்டும். கறுத்ததை அப்படியே வைத்து இறுக்கினால் இரண்டு கிழமையில் அதே வாடை திரும்பி வரும்.